கிணற்றுக்கு எத்தனை ஸ்பூன் பவுடர்?

நாலடி உறை இறக்கிய வீட்டுக் கிணறு. உள்ளே பத்தடித் தண்ணீர். இதற்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று தெருவில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். ‘ரெண்டு கை அள்ளிப் போடுங்க’ என்பார் ஒருவர். ‘பாக்கெட்டை அப்படியே கவுத்துடுங்க, ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை’ என்பார் இன்னொருவர். ‘எங்க கிணத்துக்கு மருந்தே போட்டதில்லீங்க. தாத்தா காலத்துத் தண்ணி, கல்கண்டு மாதிரி இருக்கும்’ என்பார் மூன்றாமவர். பொது சுகாதாரப் பாடநூல்களில் இருக்கிற கணக்கைப் போட்டால் வரும் விடை 9 கிராம். டீஸ்பூனில் அள்ளினால் இரண்டோ மூன்றோ.

அதே கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்திருந்தால் விடை தலைகீழாக மாறிவிடும். அப்போது அரைக் கிலோவுக்கும் மேலே வேண்டும். போட்ட பிறகு அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இறைத்து வெளியே விடவும் வேண்டும். 9 கிராமுக்கும் அரைக் கிலோவுக்கும் நடுவில் குத்துமதிப்பாக எதையோ கொட்டிவிட்டு ‘மருந்து போட்டாச்சு’ என்று கையைத் தட்டிக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கூடிப்போனால் வாயில் வைக்க முடியாத நாற்றம். குறைந்துபோனால் கிருமிக்கு ஒரு குளியல்.

2025 ஆகஸ்ட் கடைசியில் கேரளத்தில் வீட்டுக் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட ஓர் இயக்கமே நடந்தது. ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று செய்திகளில் அடிபட்ட நோய்தான் காரணம். அந்த அமீபா குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய்த் தொல்லை தருவதில்லை. குளிக்கும்போதோ நீந்தும்போதோ மூக்கு வழியே ஏறினால்தான் ஆபத்து. ஆனாலும் அந்தப் பயம் ஒரு நல்ல காரியம் செய்தது. கிணற்றை எட்டிப் பார்க்காதவர்களையும் எட்டிப் பார்க்க வைத்தது.

நம் பக்கம் கதை வேறு. போர் போட்டதும் கிணற்றை மறந்துவிட்டோம். ராட்டினம் துருப்பிடித்தது, தாம்புக் கயிறு இற்றுப்போனது, மேலே ஒரு தகரத்தைப் போட்டு அதன்மேல் பழைய டயரை வைத்தோம். போர் வற்றும் கோடையிலும் கரன்ட் போகும் புயல் நாளிலும் மட்டும் கிணற்றின் ஞாபகம் வருகிறது. தினம் இறைக்கிற கிணற்றில் தண்ணீர் புதுசாக ஊறிக்கொண்டே இருக்கும்; ஏதாவது கெட்டால் அன்றைக்கே நிறத்திலோ வாடையிலோ தெரிந்துவிடும். இறைக்காத கிணற்றில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிணற்றைத்தான் ஒருநாள் அவசரத்துக்குத் திறந்து, ஒரு பாக்கெட் பவுடரைக் கொட்டி, மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம்.

பவுடர் நல்ல மருந்துதான். ஆனால் அது இன்றைக்குக் கிணற்றில் கிடக்கிற தண்ணீருக்கான மருந்து. நாளைக்கு ஊறி வருகிற தண்ணீரை அது ஒன்றும் செய்யாது. அழுக்கு வருகிற வழியை அடைக்காமல் மாதாமாதம் பவுடர் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

அடுத்த வீட்டு வாயு மூலை

அழுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மேலிருந்து. கிணற்றடியில் துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், தரையில் கிடந்த வாளியும் கயிறும், புறா எச்சம், காற்றில் வரும் சருகு. இதைத் தடுக்கிற வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி உயரமாவது வேண்டும். சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சிமென்ட் மேடை, வெளிப்பக்கம் வாட்டமாக. மேடைத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோக ஒரு வாய்க்கால். மேலே மூடி. மேடையில் விரல்நுனி போகிற விரிசல் ஒன்று இருந்தாலும் சோப்புத் தண்ணீர் அதன் வழியே உறைக்குப் பின்புறம் இறங்கி, நேரே கிணற்றுக்குள் வரும். சிமென்ட் பூசி அடைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் விரிசல் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்.

சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றும் இந்தக் கணக்கில் சேரும். அரச மரத்தை வெட்டக் கூடாது என்று விட்டுவைப்பார்கள். அதன் வேர் உறை இணைப்பைப் பிளந்து உள்ளே நுழைந்துவிட்டால், பிறகு கிணற்றையே மறுபடி கட்ட வேண்டியதுதான். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து வேறு இடத்தில் நட்டுவிட்டால் பாவமும் வராது, கிணறும் பிழைக்கும்.

இரண்டாவது வழி பக்கவாட்டில் வருவது. கண்ணுக்குத் தெரியாது; வில்லங்கம் இதில்தான். கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அரைக் கிரவுண்டு மனை முப்பதுக்கு நாற்பது. அதில் மூலைக்கு மூலை அளந்தால்தான் 50 அடி வரும். அந்தக் கோட்டின் ஒரு முனையில் கிணற்றையும் மறுமுனையில் குழியையும் வைத்தால்கூட, பக்கத்து வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பது நம் கையில் இல்லை.

இதில் வாஸ்துவின் விளையாட்டு ஒன்று உண்டு. கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். ஒரு வீட்டுக்குள் மட்டும் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மூலைதான். ஆனால் தெருவில் வரிசையாக வீடுகள் இருக்கும்போது என்ன ஆகும்? நம் வடகிழக்கு மூலையை ஒட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை. அவரும் வாஸ்து பார்த்துத்தான் கட்டியிருப்பார். ஆக நம் கிணறும் அவர் கழிவறைக் குழியும் ஒரு மதில் சுவருக்கு இருபுறமும் நிற்கின்றன. தெரு முழுக்க இதே கதை. வாஸ்துவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மனைக்கு மனை தனித்தனியாகப் பார்க்கிற எந்தச் சாஸ்திரமும் தண்ணீர் விஷயத்தில் கோட்டை விடும். மண்ணுக்குள் மதில் சுவர் கிடையாது.

நாம் செப்டிக் டேங்க் என்று சொல்வதில் பாதிக்கு அடித்தளமே இல்லை என்பது இன்னொரு விஷயம். உறையை இறக்கி, மேலே மூடி போட்டு, குழாயை விட்டுவிடுவார்கள். கிணற்றுக்கும் உறைதான், குழிக்கும் உறைதான். ஒரே பட்டறையில் வார்த்தவை. கிணற்று உறை தண்ணீரை உள்ளே வாங்குகிறது, குழி உறை வெளியே விடுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. கோடையில் குடித்து ஒன்றும் ஆகாத கிணற்றுத் தண்ணீர், கார்த்திகையில் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கைக் கொடுப்பது இதனால்தான். மணற்பாங்கான கடற்கரை ஊர்களில் இது வேகமாக நடக்கும். களிமண் பூமியில் மெதுவாக.

ஐந்தாவது உறைக்கிட்ட கசியுது

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் சித்திரை வெயிலில் கிணறு தூர் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூர் எடுக்க அதுதான் காலம். தண்ணீர் அடியில் கிடக்கும், ஊற்றும் மெதுவாக வரும். காலையிலேயே மேலே வைத்த மோட்டாரைப் போட்டு, இருந்த தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிட்டார்கள். மோட்டார் காற்றிழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, இறங்குகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கயிற்றின் மறுமுனை வேப்ப மரத்தில். மேலே இரண்டு பேர். சட்டி சட்டியாகச் சேறு ஏறியது. கறுப்புச் சேற்றுக்குள் ஒரு சில்வர் டம்ளர், இரண்டு ரப்பர் பந்து, சோப்பு டப்பா, காது உடைந்த தோண்டி, எப்போதோ தொலைந்த பாதாளக் கரண்டி. விழுந்த வாளியை எடுக்க இறக்கிய பாதாளக் கரண்டியே அறுந்து விழுந்திருக்கிறது. அதை எடுக்க இன்னொன்றை இரவல் வாங்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சேறு தீர்ந்து மணல் தெரிந்த பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. “பெரியம்மா, ஐந்தாவது உறைக்கிட்ட கசியுது பாருங்க.” வீட்டுக்காரப் பெரியம்மா எட்டிப் பார்த்து, “ஊத்துக்கண்ணு திறந்திருக்கும்டா தம்பி, நல்லதுதானே” என்றார். “ஊத்துன்னா கீழேர்ந்து வரணும் பெரியம்மா. இது பக்கத்தால வருது. உங்க பாத்ரூம் குழி எந்தப் பக்கம்?” பெரியம்மா பதில் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உறை இணைப்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு சுவரில் இறங்கியிருந்தது. பல மாதமாக வழிந்தால்தான் அப்படிக் கறை படியும். எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்லாத விஷயத்தை, சுவரைப் பார்த்தே உள்ளே இறங்கியவர் சொல்லிவிட்டார். இந்தக் கறையைப் பார்ப்பதற்காகவே வருஷத்துக்கு ஒருமுறை கிணற்றைக் காலி செய்யலாம்.

மேல் உறைகளின் இணைப்புகளைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும். இருபது அடி ஆழம் வரைக்கும் சுவர் நீர் கசியாமல் இருப்பது நல்லது என்பது பாடநூல் கணக்கு. கீழ் உறைகளின் இணைப்பைத்தான் ஊற்றுக்காகத் திறந்து விடுவது. டெல்டாவில் தண்ணீரே பத்துப் பதினைந்து அடியில் நிற்கும்போது இருபது அடி விதி அப்படியே ஒத்துவராது. முடிந்த மட்டும் மேலே அடைப்பதும், குழியைத் தள்ளி வைப்பதும், குழிக்கு அடித்தளம் போடுவதும்தான் வழி. சுடுமண் உறை அடுக்கிய கிணறுகள் கீழடி அகழாய்விலேயே கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டு கடந்தும் நாம் கையாளுவது கிட்டத்தட்ட அதே தொழில்நுட்பம். பக்கத்தில் குழி தோண்டும் பழக்கம்தான் புதுசு.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கறாராகவே. 2025 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் கண்ட்வா மாவட்டத்தில் திருவிழாவுக்காகக் கிணற்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவர்களுமாக 8 பேர் விஷவாயுவில் இறந்தார்கள். நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் கோடைக்குக் கோடை இப்படிச் செய்தி வருகிறது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் ஆக்சிஜன் இருக்காது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, அது நிச்சயம். எரிகிறது என்பதற்காக இறங்கலாம் என்று அர்த்தமில்லை. டீசல் இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது, ஆளை அணைத்துவிடும். சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்பிக்கொண்டிருந்தால் விளக்கே வினையாகிவிடும். டீசல், பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. மூடியை முதல் நாளே திறந்து வைத்து, ஊதுகுழல் விசிறியால் காற்றை அடி வரை செலுத்தி, இடுப்புக் கயிறும் மேலே இரண்டு ஆளும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். இறங்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராகச் சாவது இந்த ஒரு தப்பினால்தான்.

கிணறு ரோஜா நிறமான காலம்

இனி மருந்துக்கு வருவோம். 1890களில் ஆக்ராவில் ரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், காலராவைத் தடுக்கக் கிணறுகளில் பொட்டாசியம் பர்மாங்கனேட் போடும் முறையைப் பரப்பினார். தண்ணீர் ரோஜா நிறமாக மாறினால் மருந்து போதும் என்று பொருள். யமுனை நீரிலும் கங்கை நீரிலும் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1896இல் எழுதியவரும் இதே ஆள்தான். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். பர்மாங்கனேட் நிறத்துக்கு மவுசு அதிகம். மருந்து வேலை செய்வது கண்ணால் தெரிகிறதே! ஆனால் அது காலராக் கிருமியை ஓரளவு கொல்லும், மற்றவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது. தண்ணீரின் நிறத்தையும் ருசியையும் கெடுத்துவிடும். அதனால் பாடநூல்கள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. இன்றும் சிலர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கிணற்றில் போடுகிறார்கள். வேண்டாம்.

பிளீச்சிங் பவுடருக்கு நிறமில்லை, அதனால் கணக்கு வேண்டும். கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வருவதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள். அதை 22 ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். ஆழம் அளக்கக் கயிற்றில் கல்லைக் கட்டி அடி தொடும் வரை விட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்தால் போதும். நாலடி விட்டம், பத்தடித் தண்ணீர் என்றால் நாலும் நாலும் பதினாறு, பத்தால் பெருக்கினால் 160, அதை 22 ஆல் பெருக்கினால் 3,520 லிட்டர். நல்ல பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். அந்த 9 கிராம் வந்தது இப்படித்தான்.

‘நல்ல பவுடர்’ என்பதில்தான் சூட்சுமம். புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு வரை வேலை செய்யும் குளோரின் இருக்கும். பாக்கெட்டைத் திறந்து வைத்தால், ஈரம் பட்டால், வெயில் பட்டால் அது ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கட்டி தட்டிப்போய், மூக்கருகே கொண்டுபோனாலும் வாடை வராத பவுடர் வெறும் சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டுவதைவிடச் சுவருக்கு அடிக்கலாம். தேவைக்குச் சின்னப் பாக்கெட் வாங்கி, மிச்சத்தை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வையுங்கள். அமிலமோ வேறு துப்புரவு மருந்தோ அதில் கலக்கவே கூடாது. கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும்.

போடும் முறையும் முக்கியம். பவுடரை நேரே கிணற்றில் தூவினால் பாதி மேலே மிதக்கும், பாதி அடியில் போய்ப் படியும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதுதான் மருந்து. அதை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மூழ்கவிட்டு, மேலும் கீழும் பக்கத்திலும் பலமாக ஆட்ட வேண்டும். வாளிக்கு நூறு கிராமுக்கு மேல் பவுடர் கூடாது. அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். ராத்திரி எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு போடுவது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது.

9 கிராம் என்பது தெளிந்த தண்ணீருக்கு. கலங்கிய தண்ணீரில் சேறும் சருகும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. சரியாக எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஹாராக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒரு பெட்டி செய்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொடுக்க அது பயன்பட்டது. மருத்துவக் கல்லூரியில் சமுதாய மருத்துவம் படித்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி தெரியும். ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், இரண்டு கிராம் பிடிக்கும் கரண்டி. கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பவுடரைக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, முதலாவதில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, ஆறாவதில் ஆறு என்று கறுப்புக் கிண்ணக் கரைசலை விட வேண்டும். அரை மணி கழித்து ஸ்டார்ச் அயோடைடு திரவம். எந்தக் கிண்ணம் முதலில் தெளிவாக நீலமாகிறதோ அத்தனை கரண்டிப் பவுடர் 455 லிட்டருக்கு வேண்டும். மூன்றாவது கிண்ணம் நீலமானால் மூன்று கரண்டி, ஆறு கிராம். நம் நாலடிக் கிணற்றுக்கு இந்தக் கணக்கில் 46 கிராம் வரும். வாய்ப்பாட்டில் வந்த 9 எங்கே, இந்த 46 எங்கே! இத்தனை வித்தியாசமும் தண்ணீரில் கலந்திருக்கும் அழுக்கு வாங்குகிற பங்கு.

வீட்டில் யாரிடமும் இந்தப் பெட்டி இருக்காது. பரவாயில்லை. ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி பார்க்கிற டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் இருக்கும். மருந்து போட்ட ஒரு மணி நேரம் கழித்து ஒரு பாட்டில் தண்ணீரை அவரிடம் காட்டுங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருந்தால் மருந்து வேலையை முடித்துவிட்டது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் அழுக்கு எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று பொருள். அளவைக் கூட்டி மறுபடி போட வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த ஸ்பூன் கணக்கெல்லாம் எடுபடாது. முதலில் மிதக்கும் குப்பையை எடுத்து, கலங்கல் தண்ணீரை இறைத்து, உட்சுவரைக் குளோரின் கரைசலால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மறுபடி ஊறியதும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வருமாறு போட வேண்டும். நம் உதாரணக் கிணற்றுக்குப் புதுப் பவுடர் என்றால் சுமார் 530 கிராம். வீரியம் 25 பங்காகக் குறைந்த பவுடர் என்றால் 700 கிராம். மோட்டாரைப் போட்டு எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்துவிட்டு, மூடிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிறகு வாடை போகும் வரை இறைத்து வெளியே விட வேண்டும், மீன் இருக்கும் குளத்துக்கோ செடிக்கோ போகாமல்.

இறைப்பதிலும் நிதானம் வேண்டும். சுற்றிலும் பூமி ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரேயடியாகக் காலி செய்தால், வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீர் உறையைத் தள்ளிச் சரித்துவிடும். கடற்கரையில் இன்னொரு தொல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் உப்பாகின. உப்பை எடுத்துவிடலாம் என்று திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் பலன் கிடைக்கவில்லை; மேலே மெல்லிய அடுக்காக நிற்கும் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க அடியிலிருக்கும் உவர்நீர் மேலேறியது. உப்பைக் கழுவியது அடுத்து வந்த பருவமழைதான். உப்புக்குக் குளோரின் மருந்தே இல்லை.

கிணற்றில் மீன் விட்டிருப்பவர்கள் இந்த வேலைக்கு முன்னால் அவற்றைத் தொட்டியில் மாற்றிவிட வேண்டும். கப்பியும் கம்பூசியாவும் கொசுப் புழுவைத் தின்னும் என்று விடுகிறோம்; நல்ல காரியம்தான். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவுக்குக் கிணறும் மேல்தொட்டியும்தான் பிரசவ அறை. மீனைவிடக் கொசு புகாத மூடிதான் நிலையான தீர்வு.

பாட்டில் கறுத்தால்

எல்லாம் முடிந்த பிறகும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. சில வீடுகளில் குளோரின் போட்டதும் தெளிந்த தண்ணீர் டீ நிறமாகிவிடும். பவுடர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டுத் துருவாகி வெளியே வந்ததுதான் காரணம். படியவிட்டு வடிகட்டினால் போய்விடும்.

மலக்கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய பாட்டில் உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் மூவரும் 1982இல் வெளியிட்ட முறை அது. பாட்டிலுக்குள் மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். குறியிட்ட அளவு தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலத்தோடு வரும் கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். குளோரின் மிச்சமிருக்கும்போது இதைச் செய்து பயனில்லை. வாடை போய் ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள். முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சென்னையில் 1899இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால் அந்தப் பாட்டிலின் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும்.

ரிப்போர்ட் வந்ததும் கிருமி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நைட்ரேட் என்ற வரியைத் தேடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதற்கு மேல் இருந்தால், வயலில் போட்ட யூரியாவோ பக்கத்துக் குழியோ கிணற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நைட்ரேட்டைக் குளோரின் கொல்லாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, கிணற்றைத் துவைக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும் விட்டுவிடலாம். கிழக்கு வீட்டுக்காரரோடு குழியைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசவும் வேண்டியிருக்கும். அவர் வீட்டுக் கிணற்று ரிப்போர்ட்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள். அவருக்கும் கிழக்கே ஒரு வீடு இருக்கிறது.